அவல் காட்டிய தாடை

புதுச்சேரியில் அந்தக் காலத்தில் பல் டாக்டரிடம் வாய் திறந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். முகம் மறந்துபோகும், ஊர் மறந்துபோகும், வாய் மறக்காது. கடைத்தெருவில் எதிரே வருகிற ஆள் சிரித்தால் போதும், ‘அட, இந்தக் கீழ்வரிசைக்கு நான்தானே பிளாஸ்டர் ஊற்றினேன்’ என்று தெரிந்துவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஒரு மனிதனுடைய மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல, இந்த ஊரில் அன்றைக்கு இரண்டே பேர்தான் இருந்தோம். ஒருவர் பிரான்சில் படித்த டாக்டர். இன்னொருவன் நான். பெருமைக்காகச் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

என் முதல் தொழில் சுரூபம் வார்ப்பது. மாதா, சூசையப்பர், அந்தோணியார், குழந்தை இயேசு, எல்லாரையும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பேன். எந்தக் கோயிலில் எந்தப் புனிதர் நின்றாலும், அவர் முதுகில் என் விரல் பட்ட இடம் இருக்கும். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், சைகோனிலிருந்து திரும்பி வந்த பல் டாக்டர் ஒருவர் உடைந்துபோன அந்தோணியார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கப்பலில் வந்த வழியில் தாடை பெயர்ந்திருந்தது. புதுத் தாடை வைத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து அளவுகோல் ஒன்றை எடுத்து, அந்தோணியாரின் காதிலிருந்து மோவாய் வரைக்கும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. எப்படி அளந்தே?”

“கண்ணாலதான் முசே.” பிரெஞ்சு படித்த பெரியவர்களை எங்கள் ஊரில் முசே என்றுதான் கூப்பிடுவோம்.

“நாளைக்கு என் வீட்டுக்கு வா.”

அவர் குடும்பம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தது. மாடியில் வீடு, கீழே வைத்தியம். பின்கட்டில் எனக்கென்று ஓர் அறை கொடுத்தார். அவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துத் தருவார், நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று என்று எடுப்பேன். ஆனால் இரண்டு வரிசை இருந்தால் மட்டும் வாய் ஆகிவிடாது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரிய வேண்டும். அதற்கு, இளக்கிய மெழுகுத் தகடு ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்து வாயை மூடச் சொல்வார். சேர்கிற இடம் மெழுகில் பதியும். அந்த மெழுகை நடுவில் வைத்து இரண்டு வரிசையையும் கீல் போட்ட பித்தளைச் சட்டத்தில் நான் நிறுத்துவேன். கதவு மாதிரி திறக்கும், மூடும். அதற்குப் பித்தளை வாய் என்று பெயர் வைத்தது நான்தான். டாக்டரும் கடைசியில் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த மெழுகு வேலையில் எங்கள் ஊரில் ஒரு தொல்லை உண்டு. தமிழனிடம் ‘கடி’ என்று சொன்னால் அவனுக்குக் கரும்பு ஞாபகம் வந்துவிடும். தாடையை முன்னே தள்ளி முன்பல்லால் கடித்து வைப்பான். மெழுகு துண்டாகிக் கையோடு வரும். சரி, ‘வாயை மூடு’ என்று சொல்லலாம் என்றால், ஒருமுறை துணி வியாபாரி ஒருவர், “யாரப் பாத்து வாய மூடுன்றீங்க?” என்று நாற்காலியை விட்டு எழுந்து போயே போய்விட்டார். அதனால் டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராக இருந்தாலும் மூன்று மெழுகு. மூன்றும் பித்தளை வாயில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் நம்புவார்.

அப்படியிருக்கும்போதுதான் கருவடிக்குப்பத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். தகப்பன் கொஞ்சம் நிலமும் வைத்துக்கொண்டு ஆலை வேலைக்கும் போகிறவர். தாயும் கூட வந்திருந்தாள். பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தகப்பன் நேராக விஷயத்துக்கு வந்தார். “எத்துப்பல்லுங்க முசே. மேல நாலையும் புடுங்கிட்டு செட் வச்சிடுங்க. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணாங்க. இன்னிக்கு ராணி மாதிரி இருக்குது.”

“பன்னண்டு வயசுல பொய்ப்பல்லா?” என்றார் டாக்டர்.

“இப்பவே புடுங்கிட்டா, கட்டிக்குடுக்கற வயசுக்குள்ள பழகிடும் இல்லீங்களா? இல்லாட்டி இவள எவன் கட்டுவான்?”

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. தாய் மட்டும் முந்தானையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். பல் நீட்டிக்கொண்டிருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மேல்பல் உண்மையிலேயே முன்னால் வந்திருக்கலாம், அல்லது கீழ்த்தாடை பின்னால் நின்றுபோயிருக்கலாம். தாடை பின்னால் நின்றிருந்தால், வளர்கிற எலும்பு என்பதால் அதை முன்னால் கொண்டு வரலாம். ஒரு பல்லும் போக வேண்டியதில்லை. தாடை சரியான இடத்தில்தான் இருக்கிறதென்றால், பிடுங்குவதைத் தவிர அவர் கையில் வேறு வைத்தியம் இல்லை.

“மொதல்ல அளவு. அப்புறம்தான் முடிவு” என்றார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமக்குள்ள சொல்லுங்க முசே. சந்தையில ஒருத்தர் இருக்காரு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள புடுங்கிடறாரு. உங்க மேல மரியாதைக்குத்தான் இங்க வந்தேன்.”

ஆக, அந்த நாலு பல்லின் ஆயுள் இப்போது எங்கள் அளவில் இருந்தது.

அச்சு எடுத்தோம், மூன்று மெழுகு எடுத்தோம். நான் பிளாஸ்டர் ஊற்றிப் பித்தளை வாயில் நிறுத்தினேன். முதல் மெழுகில் கீழ்வரிசை ஓர் இடத்தில் சேர்ந்தது. இரண்டாவது மெழுகில் கொஞ்சம் தள்ளிச் சேர்ந்தது. மூன்றாவதில் இன்னும் வேறு. ஆனால் மூன்றிலுமே தாடை ஏறக்குறைய சரியான இடத்தில்தான் இருந்தது. பின்னால் நிற்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “உன் பிளாஸ்டர் ஆடிப்போச்சு.”

“மாதா சுரூபம் மாட்டு வண்டியில போயே ஆடல முசே. இது மேசை மேல உக்காந்துகினு ஆடுமா?”

மறுபடியும் ஊற்றினேன். மறுபடியும் அதே மூன்று இடம். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். “தாடை சரியாத்தான் இருக்குன்னு இது சொல்லுது. ஆனா ஒரே வாய் மூணு எடத்துல மூடாது. இதுல எதை நம்பறது?” என்றார். அவர் அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற பெரிய படிப்பு அவரிடம் இருந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லி ஆளனுப்பினோம்.

அன்றைக்குத் தாயும் மகளும் மட்டும் வந்தார்கள். முன்னால் வேறு நோயாளிகள் இருந்ததால் வாசலில் காத்திருந்தார்கள். நான் பீடி பிடிக்கலாமென்று பக்கத்துச் சந்தில் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் கொய்யாப்பழக்காரியோடு அந்தப் பெண் மல்லுக்கு நின்றாள்.

“இதுல புழு கீது. வேற குடு.”

“புழு இல்ல கண்ணு, காம்புப் பக்கம் அப்படித்தான் கருத்து இருக்கும்.”

“காம்பு நெளியுமா? பாரு, நெளியுது பாரு! உனக்கே குடுக்கறேன், நீ துன்னு காட்டு, பாக்கறேன்!”

எட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டி மூடியை யாரோ கழற்றிவிட்டதுபோல வாய் முழுசாய்த் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கீழ்த்தாடை எங்கேயோ பின்னால் இருந்தது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே என் சுண்டு விரல் போகும்போல இருந்தது. சுரூபம் வார்த்த கண் பொய் சொல்லாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்த நிமிஷமே, மேசை இழுப்பறை வெளியே வருவதுபோலத் தாடை முன்னால் வந்தது. உதடு மூடிக்கொண்டது. நாங்கள் அச்செடுத்த அதே வாய்.

பீடியைக் கீழே போட்டேன். “ஏம்மா, என்னப் பாத்ததும் வாய மாத்திக்கினியே, ஏன்?”

அவள் தாயின் பக்கம் ஒட்டிக்கொண்டாள். தாய்தான் தோளைத் தொட்டு, “சொல்லேன், மேஸ்திரி கேக்கறாரில்ல” என்றாள்.

“இப்படி வச்சிக்கினா தேங்காத் துருவின்னு கூப்பிட மாட்டாங்க” என்றாள் அந்தப் பெண், உதட்டைப் பிரிக்காமலே. “கண்ணாடி பாத்துப் பழகினேன்.”

எத்தனை வருஷப் பழக்கமோ தெரியாது. அவள் ஆள் முன்னால் ஒரு வாய், தனக்கென்று ஒரு வாய் என்று இரண்டு வைத்திருந்தாள். நாங்கள் அளந்தது, ஊருக்காக அவள் வைத்திருந்த வாயை. அந்த வாய் அழகாக இருந்ததால்தான் அவளுடைய நாலு பல்லும் போக இருந்தது.

உள்ளே ஓடி டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் பின்கட்டில் மெழுகை இளக்கப் போனேன். அவர் ‘கடி’ என்று சொல்ல, அவள் ஊர் வாயால் கடித்தாள். ‘மெதுவா’ என்று சொல்ல, ஊர் வாயையே மெதுவாக மூடினாள். ஒருவர் எச்சிலை விழுங்கும்போது தாடை தன் சொந்த இடத்துக்குத் தானாகவே போகும் என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் பரபரப்பு வந்தால் அவருக்குத் தமிழ் ஓடிப்போகும். “அவலே! அவலே!” என்று அவர் சொல்வது பின்கட்டு வரைக்கும் கேட்டது. பிரெஞ்சில் அதற்கு விழுங்கு என்று அர்த்தம். நான் மெழுகோடு உள்ளே போனபோது பெண் அழுதுகொண்டிருந்தாள், தாய் பயந்துபோய், “சரிங்க முசே, சரிங்க முசே” என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் பாக்கலாம்” என்று டாக்டரும் விட்டுவிட்டார். மறுநாள் சனிக்கிழமை. தகப்பன் கொடுத்த கெடு அதற்கு மறுநாள்.

சனிக்கிழமை தாய் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். டாக்டர் மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தாள். வெல்லம் போட்டுப் பிசைந்த அவல். மேலே தேங்காய்த் துருவல்.

“என்னம்மா இது?”

“நீங்க கேட்டீங்களே முசே, அவலு.”

“நானா? எப்போ கேட்டேன்?”

“நேத்து ரெண்டு தடவ கேட்டீங்களே, ‘அவலே, அவலே’ன்னு. பொண்ணு வாயி சரியாவறதுக்குப் படைக்கிறாங்களோ, நீங்க துன்றதுக்கோ, எனக்கு எங்க தெரியும்? பெரியவரு வாயத் தொறந்து கேட்டுட்டாரேன்னு ராத்திரியே நெல்ல ஊற வச்சி, விடியறதுக்குள்ள வறுத்து இடிச்சி எடுத்தாந்தேன்.”

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிளாஸ்டர் கிண்ணம் கீழே போயிருக்கும். டாக்டர் ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தார். பிறகு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “முழுங்குன்னு சொன்னேன்மா! முழுங்கு!”

“அதத் தமிழ்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்கூட்டு ஒலக்கை தேஞ்சிருக்காது.”

பெண் அப்போது சிரித்தாள். கை வாயை மறைத்தது.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தோன்றியது எனக்குத்தான், டாக்டருக்கு இல்லை, இதை அவரே பிற்பாடு பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். “முசே, அந்த அவல அவளே துன்னட்டும். பயந்த புள்ளைக்கு வாயில எச்சில் ஏது? நாக்கு காஞ்சி கெடக்குது. முழுங்குன்னா எத முழுங்குவா?”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி வழி விட்டார். பெண் முதலில் கூச்சப்பட்டாள். நானும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். டாக்டரும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். மூன்று பேர் தின்னும்போது யார் வாயை யார் பார்ப்பது? வெல்ல அவல் பல்லில் ஒட்டும், மென்று மென்று விழுங்க வேண்டும். நாலு வாய் தின்றதும் அவளுக்கு ஊர் வாய் மறந்துபோனது. தாடை தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாயைக் கொப்பளிக்கச் சொன்னோம். டாக்டர் மெழுகை வைத்தார். இந்த முறை நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். “கடிக்காதே. இன்னும் ஒரு வாய் அவல் உள்ள கீதுன்னு நெனச்சிக்கோ. முழுங்கு.”

தொண்டை ஏறி இறங்கியது. மெழுகு மூடியது. இன்னொரு வாய் அவல், இன்னொரு மெழுகு. பிறகு மூன்றாவது.

பித்தளை வாயில் முதல் மெழுகை வைத்தேன். வரிசைகள் உட்கார்ந்தன. இரண்டாவதை வைத்தேன். அதே இடம். மூன்றாவதை டாக்டரே வைத்தார். அதே இடம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் அளவுகோலை நீட்டினார். ஒன்பது மில்லிமீட்டர். அந்த நாளில் எல்லையைத் தாண்டினால் எல்லாம் அங்குலம்தான். பிரெஞ்சுக்காரன் புண்ணியத்தில் எங்கள் ஊருக்கு மில்லிமீட்டர் பால்குடியிலேயே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வந்தார், முகத்தை வைத்துக்கொண்ட விதத்திலேயே சந்தைக்குப் போகிற அவசரம் தெரிந்தது. டாக்டர் பித்தளை வாயை அவர் கையில் கொடுத்து, திறந்து மூடிப் பார்க்கச் சொன்னார்.

அவர் இரண்டு தடவை திறந்து மூடினார். “மேல்பல்லு நேராத்தானே கீது?”

“நேராத்தான் இருக்கு. அந்த நாலும் எங்கயும் போவல. கீழ்த்தாடைதான் பின்னால தங்கிடுச்சு.”

“அப்ப வராத தாடைய உட்டுட்டு, வந்த பல்லையா நான் புடுங்கச் சொன்னேன்?”

டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனாலும் அவர் உடனே மசிந்துவிடவில்லை. எத்தனை நாளாகும், முன்னால் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம், வந்தால்தான் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் கேள்விக்கு டாக்டரிடம் பதில் இருந்தது. பெண்ணைப் பார்த்து, “அந்த வாயை வை, பாப்போம்” என்றார்.

அவள் வைத்தாள். தாடை முன்னால் வந்தது, உதடு அமைதியாகச் சேர்ந்தது. தகப்பன் மகளுடைய முகத்தைத் தூரத்து விளக்கைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்படியே தாயின் பக்கம் திரும்பினார். மறுபடியும் மகளைப் பார்த்தார்.

“அவ அம்மாவ நான் பொண்ணு பாக்கப் போனப்ப இப்படித்தான் இருந்தா” என்றார்.

“போதும், முசே எதிர்ல இன்னா பேச்சு” என்று தாய் அதட்டினாள். சந்தைப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு செய்ததெல்லாம் என் வேலை. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரே கட்டியாகச் செய்கிற பொருள் அது. டாக்டர் அதை மோனோபுளோக் என்பார். வாயில் போட்டுக்கொண்டால் கீழ்த்தாடை முன்னால்தான் நின்றாக வேண்டும். ராத்திரி ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கினால் வளர்கிற எலும்பு அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். அதைச் செய்ய முன்னால் தள்ளிய வாயிலேயே ஒரு மெழுகு எடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குத் தாடையை முன்னால் தள்ளக் கற்றுக்கொடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும். இவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. கண்ணாடி பார்த்துப் பழகிய ஊர் வாய் இருக்கிறதே! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து என்றார் டாக்டர். கல்லில் அடித்த ஆணிபோல அந்த இடத்திலேயே நின்றாள். எந்தப் பொய் எங்களைக் கெடுக்கப் பார்த்ததோ அதன் மேலேயே நான் மோனோபுளோக்கைக் கட்டினேன். சிவப்பு ரப்பரை ஆவியில் வேகவைத்து, இழைத்து, தேய்த்து, மாதா கன்னம்போல வழவழவென்று கொடுத்தேன். இந்த ஊரில் அப்படி ஒன்றை என்னைத் தவிர வேறு எவனும் கட்டியிருக்க மாட்டான்.

முதலில் எச்சில் ஒழுகியது. பேச முடியவில்லை. “ராத்திரி ஆனா இவ வாயி ஓஞ்சிடுது மேஸ்திரி. எங்க எல்லாருக்கும் நல்ல தூக்கம்” என்று தாய் சொல்லிச் சிரித்தாள். பெண் அவளைக் கிள்ளினாள். மாதத்துக்கொரு தடவை வந்தார்கள், கூடவே தூக்குவாளியும் வந்தது. அவல் தின்ன வைத்துத்தான் அளப்போம். ஒன்பது ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க அளவு அசையாமல் நின்றது. போட்டுக்கொள்ளாமல் ஏமாற்றுகிறாளோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். நான் ரப்பரில் பல் பட்ட தேய்மானத்தைக் காட்டி, “ராத்திரி தவறாம போடறா முசே, எலும்புதான் சோம்பல்” என்றேன். அடுத்த முறை அதுவும் அசைந்தது.

கடைசியாக அவள் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாவாடை போய்த் தாவணி வந்திருந்தது. தகப்பனும் கூட வந்து, சந்தைக்காரன் பல் பிடுங்குகிற குறடு மாதிரிக் கையை வைத்து நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தார். டாக்டர் முதலில் அவல் மெழுகு எடுத்தார். பிறகு, தின்னாமல் கொள்ளாமல் சும்மா ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று புது மெழுகை வைத்து, பழைய ஞாபகத்தில் ‘கடி’ என்று சொல்லிவிட்டார்.

அவள் மெழுகைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எந்த வாயால கடிக்கறது மேஸ்திரி?”

“உன் இஷ்டம். ரெண்டாலயும் கடிச்சிக் காட்டு.”

முழுங்கிக் கடித்தாள். ஊருக்காகக் கடித்தாள். இரண்டு மெழுகையும் பின்கட்டுக்கு எடுத்துப்போய்ப் பித்தளை வாயில் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. வெளியே வந்து சொன்னேன்:

“இப்ப உனக்கு ஒரே வாய்தான்.”

அவள் சிரித்தாள். மேல் நாலு பல்லும் முழுசாய்த் தெரிந்தன. கை மடியிலேயே இருந்தது.